மயில்சாமி கொட்டகைக்கு வயரிங் போட்ட கதை

இந்தக் கதை எனக்கு மூன்றாம் கையாக வந்தது. என்னோடு கல்லூரியில் படித்தவனுக்கு அவன் சித்தப்பா சொன்னார். அவருக்கு அந்த ஊர் பஸ் கண்டக்டர் சொன்னார். ஊர்ப் பெயரை நான் மாற்றிவிட்டேன். முருங்கைக்காட்டூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகைக்குள் இருந்தது நாலு பேர் என்று கண்டக்டரும் ஆறு பேர் என்று சித்தப்பாவும் சொல்கிறார்கள். நாலு என்றே எழுதுகிறேன். குறைத்துச் சொன்னால் யாருக்கும் வருத்தம் வராது.

மயில்சாமி ஒரு கரண்டு ஆட்டோ வாங்கினார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் மகள் தமயந்தி, பிறந்து மூன்று மாதமான பேரனோடு முதல்முறையாக வருகிறாள். அவர்களைச் சொந்த ஆட்டோவில் அழைத்துவர வேண்டும்; அதற்குத்தான் வண்டி. மனைவி பழனாத்தாள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்:

"எம் பேரன் வேற எவனோ ஆட்டோவுல வந்து எறங்கினான்னா, நீங்க அந்த ஆட்டோவுலயே ஏறிப் போயிருங்க. திரும்பி வரவேண்டாம்."

கடையிலிருந்து வந்தபோது வண்டியில் முழுச் சார்ஜ் இருந்தது. ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு சுற்றுக் கேட்டார்கள். மயில்சாமிக்கு இல்லை என்று சொல்லி வழக்கமில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வண்டி கொட்டகை வாசலில் வந்து நின்றது. அப்புறம் அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை, உரிமம் உள்ள எலக்ட்ரீசியன் கோதண்டம் வந்து பார்த்தார். வீட்டிலிருந்து கொட்டகைக்குத் தனி லைன் இழுத்து பிளக் வைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும் என்றார். போகும்போது ஓர் அச்சடித்த தாளைக் கொடுத்தார். 'வண்டிக் கொட்டகை வயரிங் விதிகள்' என்று தலைப்பு.

"படிச்சு வையுங்க. இதுல ஒரு வார்த்தை தப்பக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் பைக்கைக் கிளப்பினார்.

ஞாயிறு வரை காத்திருந்தால் வெள்ளி போய்விடும் என்பது மயில்சாமிக்குக்கூடப் புரிந்தது. பங்காளி தெய்வசிகாமணியையும், மச்சினன் சென்னியப்பனையும், பக்கத்து வீட்டுக் குப்புராசுவையும் கூப்பிட்டார். தெய்வசிகாமணி எட்டாவது வரை படித்தவர். ஆகையால் தாள் அவர் கைக்குப் போனது.

"ஏழு விதி இருக்குது மயிலு. மொத்தமாப் படிச்சா மண்டை கலங்கிரும். ஒண்ணப் படிக்கறது, செஞ்சு முடிக்கறது. அப்பறந்தான் அடுத்தது."

இதைவிட நல்ல யோசனையை அந்த ஊரில் அதுவரை யாரும் சொன்னதில்லை. மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

"விதி ஒன்று. மெயினை அணைத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்."

சென்னியப்பன் ஓடிப்போய் அணைத்தான். சமையலறையில் மிக்ஸி பாதிச் சட்னியில் நின்றது. "யாரது?" என்று பழனாத்தாள் கத்தினாள். "விதி ஒண்ணு, அக்கா!" என்று அவன் பதில் சொன்னான். அவளும் அம்மியைக் கழுவப் போய்விட்டாள்.

"விதி இரண்டு. போதிய வெளிச்சத்தில் மட்டுமே வேலை செய்ய வேண்டும்."

தகரக் கொட்டகை, ஜன்னல் கிடையாது. ஒரே பல்பும் விதி ஒன்றில் போய்விட்டது. நாலு பேரும் இருட்டுக்குள் நின்று யோசித்தார்கள். பிறகு மேலே ஏறிக் கூரைத் தகரங்களைக் கழற்றிக் கீழே அடுக்கினார்கள். அன்றைய பொழுது அதற்கே சரியாக இருந்தது. புதன்கிழமை காலையில் கொட்டகைக்குள் வெயில் கொட்டியது. மயில்சாமிக்கு மனசு நிறைந்துபோனது.

"விதி மூன்று. கூரையில்லாத இடத்தில் இந்த வயரிங் செய்யக் கூடாது."

நாலு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது.

"திரும்ப மாட்டிரலாங்ணா," என்றான் குப்புராசு.

"மாட்டினா ரெண்டு போயிரும்டா," என்றார் தெய்வசிகாமணி.

"மாட்டலைன்னா மூணு போயிருது."

"கோதண்டம் என்ன சொன்னாரு? ஒரு வார்த்தை தப்பக் கூடாதுன்னாரு. இது ஒரு வரி."

மயில்சாமிக்கு வியர்த்தது. மகள் பஸ் நிறுத்தத்தில் நிற்பதும், எவனோ ஒருவன் ஆட்டோவைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துவதும் கண்ணுக்குள் ஓடியது. "பாதிக்கு மாட்டினா என்ன?" என்றார். தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவருக்கே சந்தேகம்.

பாதிக் கூரை மாட்டினார்கள். வயர் கூரையுள்ள பக்கம். ஆள் கூரையில்லாத பக்கம். சென்னியப்பன் வெயிலில் நின்று, இரண்டு கையையும் இருட்டுக்குள் நீட்டி ஆணி அடித்தான்.

"என்ன செய்யறேன்னு எனக்குத் தெரியல மாமா. ஆனா நான் தெரியறனா?"

"பளிச்சுனு தெரியறே மாப்ள. நீ அடி."

"விதி நான்கு. தனியாக வேலை செய்யக் கூடாது. ஷாக் அடித்தால் ஆளைக் கையால் தொடாமல் காய்ந்த மரக்கட்டையால் விலக்க, அருகில் ஒருவர் இருக்க வேண்டும்."

குப்புராசு ஒரு வேப்பங்கட்டையை எடுத்துவந்து நின்றான். இருட்டுக்குள் சுத்தியல் சென்னியப்பன் கட்டைவிரலில் விழுந்தது. "ஆ!" என்றான். அந்தக் கணமே கட்டை அவன் விலாவில் பட்டு, அவன் வாசலில் கிடந்தான்.

"ஷாக் இல்லடா! சுத்தியல்!"

"எனக்கு எப்படிண்ணா தெரியும்? ஷாக் அடிச்சவன் பேச மாட்டானாமே."

"நாந்தான் பேசறனே!"

"இப்பப் பேசறீங்க. விலக்கினதுக்கு அப்பறம்."

சென்னியப்பன் எழுந்து மறுபடி சுத்தியலை எடுத்தான். அன்று அவனை ஆறு முறை விலக்கினார்கள். ஆறாவது முறை அவன் தும்மத்தான் செய்தான்.

"விதி ஐந்து. பிளக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்."

வியாழக்கிழமை முழுக்க இதற்குப் போனது.

"பேரன் ரெண்டடிகூட இல்லையே. மூணடியில வெச்சிரலாமா?" என்றார் மயில்சாமி.

"வளர மாட்டானா?" என்றார் தெய்வசிகாமணி. "அவங்கப்பன் ஆறடி. கையத் தூக்கினா எட்டு. நாற்காலியில ஏறினா பத்து."

"நாற்காலி மேல முக்காலி போட்டா?" என்றான் குப்புராசு.

தாத்தா சுவரை அண்ணாந்து பார்த்தார். "பன்னெண்டடியில வையுங்கப்பா," என்றார். கூரையை ஒட்டிப் பிளக் வைத்தார்கள். ஆட்டோவின் சார்ஜர் வயர் ஆறடிதான் இருந்தது.

"விதி ஆறு. வயரை ஒட்டுப்போட்டு நீட்டக் கூடாது."

வயர் நீளாது என்றால் வண்டிதான் உயர வேண்டும். ஹாலோ பிளாக் கல் அடுக்கி, பலகை சாய்த்து, நாலு பேரும் இரண்டு எருமைகளும் சேர்ந்து ஆட்டோவை ஆறடி உயரத்துக்கு ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு சார்ஜர் பிளக்கில் உட்கார்ந்தது. மயில்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மெயினைப் போட்டுறட்டா மாமா?"

"பொறு மாப்ள. போடச் சொல்லி இனிமேதான் வரும். ஏழு பாக்கியிருக்குது."

தெய்வசிகாமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "விதி ஏழு. மேற்கண்ட வேலைகள் எதையும் வீட்டுக்காரர் செய்யக் கூடாது. உரிமம் பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும்."

மயில்சாமி எட்டித் தாளைப் பார்த்தார்.

"தப்பிருச்சா?" என்றார் மயில்சாமி மெதுவாக.

"எதையும்னு போட்டிருக்குது மயிலு."

ஒரு வார்த்தை தப்பக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் கழற்றினார்கள். வண்டியை இறக்கினார்கள், பிளக்கைப் பிடுங்கினார்கள், ஆணிகளைக்கூட எண்ணி எடுத்தார்கள். மணி ஒன்பதே முக்கால் ஆனது. மயில்சாமி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் சென்னியப்பன், விலாவைத் தடவிக்கொண்டே கேட்டான். "ஏன் மாமா, கோதண்டம் வீட்டு வயரிங்க அவரேதான போட்டிருப்பாரு? அங்க கொண்டுபோயி சார்ஜ் ஏத்தினா எந்த விதியும் தப்பாதே?"

மூவரும் அவனைக் கட்டிக்கொண்டார்கள். கோதண்டத்தின் வீடு ஏழு கிலோமீட்டர். ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்தபோது பத்து மணி பஸ் வந்து நின்றது. தமயந்தி குழந்தையோடு இறங்கினாள்.

"அப்பா!"

"கண்ணு! அங்கயே இரு, நகந்துராத! சார்ஜ் ஏத்திக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போறோம்!" என்று கத்திக்கொண்டே மயில்சாமி அவளைத் தாண்டி வண்டியைத் தள்ளினார். பேரனைப் பார்க்கத் திரும்பக்கூட நேரமில்லை.

தமயந்தி அவருடைய மகள். பையை வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

மத்தியானம் அவர்கள் போய்ச் சேர்ந்ததும் கோதண்டம் கேட்டார். "கொட்டகைதான் ஆகல. வீட்டுக்குள்ள பிளக்கே இல்லையா?"

"நாலு இருக்குதுங்க," என்றார் மயில்சாமி. "ஆனா செவ்வாக்கிழமையிலிருந்து மெயின் அணைஞ்சிருக்குதுங்க."

"போட வேண்டியதுதானே?"

"போடச் சொல்லி ஏழு விதியிலயும் எழுதலீங்களே."

கோதண்டம் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். உண்மைதான், எழுதவில்லை. சார்ஜரை மாட்டிவிட்டார்.

ஊரில் பழனாத்தாள் நிறுத்தத்துக்கு ஓடினாள். "வேற ஆட்டோ எதுலயும் ஏறிராத சாமி, அப்பா வந்துட்டே இருக்காரு," என்று மகளுக்குச் சோறு ஊட்டினாள். அங்கேயே வெந்நீர் கொண்டுபோய்ப் பேரனைக் குளிப்பாட்டினாள். நிழற்குடைக் கம்பியில் தூளி கட்டித் தூங்கவைத்தாள். பஸ்ஸில் அடுத்த நடை வந்த கண்டக்டர் பார்த்தது இதைத்தான்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஆட்டோ ஓசையில்லாமல் வந்து நின்றது. தாயும் பிள்ளையும் ஏறினார்கள். பேரன் சொந்த ஆட்டோவில் வீடு வந்து இறங்கினான். பழனாத்தாள் ஆரத்தி எடுத்தாள். மயில்சாமி அன்று அழுத அழுகையை ஊரில் இன்னும் சொல்கிறார்கள்.

இவ்வளவையும் கேட்டதை வைத்தே எழுதிவிட்டேனே என்று எனக்கு உறுத்தியது. போன மாதம் அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். கோதண்டம் வீடு ஏழு இல்லை, ஆறரைக் கிலோமீட்டர்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து மயில்சாமி வீட்டு வாசல்படிக்கு இருபத்தாறு அடி.