பத்துச் சொல்லில் அடங்காத ஓட்டை

அல்லிக்குளத்தில் ஒரு வாரமாக யாருக்கும் வேலை ஓடவில்லை. எல்லோரும் கதை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

குளத்தின் தென்கரையில் இரண்டு நாவல் மரங்களுக்கு நடுவே சிலந்தி ஒரு பெரிய வலை கட்டியிருந்தாள். யார் வேண்டுமானாலும் ஓர் இலையில் எதையாவது எழுதி அந்த வலையில் மாட்டலாம். பிடித்தவர்கள் பக்கத்தில் ஒரு பூவிதழை ஒட்டிவிட்டுப் போகலாம். பிடிக்காதவர்களும் ஒட்டிவிட்டுத்தான் போனார்கள். நாளைக்குத் தங்கள் இலைக்கும் இதழ் வேண்டுமே.

அந்த வலையில்தான் சிலந்தி போட்டியை அறிவித்தாள். பத்துச் சொல்லில் ஒரு கதை. அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. இது நட்புப் போட்டி, யார் மனமும் புண்படக் கூடாது. நடுவர், உடும்பு.

உடும்பு இதுவரை ஒரு கதைகூட எழுதியதில்லை. ஆனால் எதையாவது பிடித்தால் விடமாட்டார். விதிகளைக் காப்பாற்ற அப்படி ஓர் ஆள்தான் வேண்டும் என்று சிலந்தி நினைத்தாள். நினைத்தது சரிதான். உடும்பு விதிகளைக் காப்பாற்றினார், விதிகளை மட்டும் காப்பாற்றினார்.

முடிவு சொல்லும் நாள் காலையில், வடகரையில் இருந்த ஆள்காட்டிப் பறவை ஒரு விபரீதத்தைக் கவனித்தாள். கரைக்கு வெளியே, தாழ்வான சரளைத் தரையில் அவள் நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே கரையில் நண்டு தோண்டிய வளை இருந்தது. அந்த வளையிலிருந்து ஒரு புல்தண்டு கனத்துக்குத் தண்ணீர் ஒழுகியது. கொஞ்ச நேரத்தில் அது நாணல் கனத்துக்கு ஆனது.

ஆள்காட்டி ஈர மண்ணை அலகால் அள்ளி வைத்தாள். தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போனது. காலால் மிதித்துப் பார்த்தாள். அவள் காலில் என்ன கனம் இருக்கப்போகிறது? முட்டைகளை உருட்டிக்கொண்டு போகவும் வழியில்லை. கரை உடைந்தால் நான்கும் போய்விடும், குளமும் போய்விடும்.

அவள் கத்தினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நிழலைக் கண்டாலே கத்துகிற பறவை, இன்றைக்கும் கத்துகிறது என்று இருந்துவிட்டார்கள். அதனால் அவள் வலைக்குப் பறந்து போனாள். ஊரே அங்கேதான் இருந்தது.

"எல்லாரும் ஓடி வாங்க! கரையில தண்ணி கசியுது!"

"இங்க கத்தக் கூடாதும்மா," என்றாள் சிலந்தி. "சொல்ல வேண்டியதை இலையில எழுதி மாட்டு. எல்லாருக்கும் ஒரே விதிதான்."

எழுதினால்தான் படிப்பார்கள் என்றால் எழுதித் தொலைப்போம் என்று ஆள்காட்டி ஒரு பூவரச இலையைப் பறித்தாள். அலகால் கீறி எழுதி மாட்டினாள்.

'வடக்குக் கரையில், புளிய மரத்தடியில், நண்டு தோண்டிய வளை வழியாகத் தண்ணீர் அதிகமாகக் கசிகிறது. உடனே வந்து மண் போட்டு அடையுங்கள்.'

உடும்பு கிட்டே வந்து, நாக்கை நீட்டி இழுத்து, விரல்விட்டு எண்ணினார்.

"பதினாறு. ஆறு சொல் அதிகம்."

"ஐயா, இது கதை இல்லீங்க. நிஜமாவே கசியுது."

"அனைவரும் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மைச் சம்பவம் என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது, அம்மா."

எனக்கே இதை எழுதும்போது எரிச்சல் வருகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் முட்டைகளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். பறவைக்குப் பல் ஏது என்று கேட்காதீர்கள், அலகைக் கடித்துக்கொண்டாள். சொற்களை இழுத்துச் சேர்த்து இன்னோர் இலை எழுதினாள்.

'வடகரையில் புளியமரத்தடியில் நண்டுவளை வழியாகத் தண்ணீர் கசிகிறது. உடனே மண்போட்டு அடையுங்கள்.'

"ஒன்பதுதான் ஐயா. ஒண்ணு மிச்சமே இருக்கு."

உடும்பு சிரித்தார். இந்த வேலையெல்லாம் அவரிடம் நடக்காது.

"சேர்த்து எழுதினால் ஒரு சொல் ஆகிவிடுமா? வட, கரை என்று இரண்டு. புளி, மரம், அடி என்று மூன்று. நண்டு, வளை இரண்டு. வழியாக ஒன்று. தண், நீர் என்று இரண்டு..."

"தண்ணீர் கூடவா ரெண்டு?"

"பிரித்தால் பிரிகிறதே. ஆக மொத்தம் பதினைந்து."

"அப்போ தவளை எழுதியிருக்காரே, 'மழைக்காதலி'ன்னு. அது எத்தனை?"

தவளை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. 'அல்லிக்குளம் மழைநேசன்' என்பது அதன் புனைபெயர். அது தொண்டையை உப்பிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தது.

"அது கவித்துவமான சொல். அதைப் பிரிக்கக் கூடாது," என்றார் உடும்பு.

வாதாட நேரமில்லை. ஆள்காட்டி யோசித்தாள். இந்தக் குளத்தில் இருப்பது ஒரே நண்டு. அவன் வளை எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். வடகரையையும் புளியமரத்தையும் கிழித்துப் போட்டாள். உடும்பின் கணக்கில் சரியாகப் பத்து வந்தது.

'நண்டுவளை வழியாகத் தண்ணீர் கசிகிறது. உடனே மண்போட்டு அடையுங்கள்.'

இந்த முறை நண்டு குறுக்கே ஓடி வந்தான்.

"இது என்னைக் குத்திக்காட்டி எழுதினது! நட்புப் போட்டின்னு சொல்லிட்டு இப்படி ஆள் பேரைப் போட்டு அசிங்கப்படுத்தலாமா?"

"அண்ணே, உங்க வீட்டுக்குள்ள ஈரமா இல்லையா?"

"ஈரமாத்தான் இருக்கு. ரெண்டு நாளா பாதி வீடு முழுகிக் கிடக்கு. அதுக்கு ஊரறிய எழுதுவியா? எம் மனசு புண்பட்டுப் போச்சு."

வீடு முழுகியது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, மனம் புண்பட்டதுதான் பெரிதாகத் தெரிந்தது. சிலந்திக்கோ குழுவில் சண்டை வந்துவிடக் கூடாது என்ற கவலை. "இதை மட்டும் எடுத்துடறேம்மா, தப்பா நினைக்காதே," என்று சொல்லிக்கொண்டே இலையின் முன்பகுதியைக் கத்தரித்துவிட்டாள். நண்டும் வளையும் கீழே விழுந்தன.

'தண்ணீர் கசிகிறது, உடனே மண்போட்டு அடையுங்கள்' என்பது மட்டும் வலையில் ஆடியது.

உடும்பு அதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"முன்பாதி நன்றாக இருக்கிறது. பின்பாதியில் பிரச்சார நெடி அடிக்கிறது. அடையுங்கள் என்று வாசகனுக்கு நீங்கள் கட்டளை இடலாமா? என்ன செய்வது என்பதை அவன் முடிவுக்கே விட்டுவிட வேண்டும்."

"முடிவுக்கு விட்டா எல்லாம் முடிஞ்சு போயிடும் ஐயா!"

"இந்த வரி நன்றாக இருக்கிறதே. ஆனால் சேர்த்தால் சொல் அதிகமாகிவிடும்," என்றார் உடும்பு. தம் நகத்தாலேயே இலையின் பின்பகுதியைக் கிழித்துவிட்டார்.

மிஞ்சியது இரண்டே சொல். 'தண்ணீர் கசிகிறது.'

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. இதழ்கள் வந்து ஒட்டின. "அருமை," என்றது ஆமை. "அருமை அருமை," என்றது கீரி. தவளை கண்ணை மூடிக்கொண்டு சொன்னது, "இங்கே தண்ணீர் என்பது காலம்."

"இல்லை, கண்ணீர்," என்றான் நண்டு. தன் பேர் இல்லாததால் இப்போது அவனுக்கும் கதை பிடித்திருந்தது.

"எது என்று சொல்லாமல் விட்டதுதான் இதன் சிறப்பு," என்றார் உடும்பு.

ஆள்காட்டிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இத்தனை பேரும் அவள் எழுதியதைப் படித்தார்கள், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தானே இதற்கு ஒத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக விட்டுக்கொடுத்தோமே என்று தன் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

அந்த நேரத்தில் எருமை தண்ணீர் குடிக்க வந்தது. எருமைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்ன கூட்டம் என்று அது கேட்க, சிலந்தி அந்த இரண்டு சொல்லையும் படித்துக் காட்டினாள்.

"எங்க கசியுது?" என்று கேட்டது எருமை.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உடும்புகூடச் சிரித்தார். "எங்கே என்றெல்லாம் கேட்கக் கூடாது, ஐயா. அதை உங்களுக்குள் தேட வேண்டும்."

"எனக்குள்ள எதுவும் கசியலையே," என்றது எருமை.

"வடகரை அண்ணே! புளியமரத்தடி!" என்று கத்தினாள் ஆள்காட்டி. "நண்டு வளை வழியா கசியுது. நீங்க நாலு மிதி மிதிச்சாப் போதும்."

எருமை அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, திரும்பி ஓடியது. அந்தக் கனத்த உடம்பால் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடியது. அவள் முன்னால் பறந்து வழிகாட்டினாள். புளியமரம் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதுதான் கரை உள்வாங்கியது. ஒரு பெரிய மண்கட்டி சரிந்தது, பிறகு அந்த இடமே சரிந்தது. எருமை உடைப்பில் இறங்கி உடம்பைக் குறுக்கே வைத்துப் பார்த்தது. தண்ணீர் அதையும் புரட்டித் தள்ளிவிட்டுப் போனது.

சரளைத் தரை இருந்த இடத்தில் சேறும் நுரையும் ஓடின. நான்கு முட்டைகளில் ஒன்றுகூட இல்லை. ஆள்காட்டி அதற்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்தாள். இப்போது கத்தவில்லை.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி சொல்லியிருந்தா மிதிச்சு அடைச்சிருப்பேனே தாயி," என்றது எருமை. சேற்றிலிருந்து எழ முடியாமல் மூச்சு வாங்கியது. அது மட்டும்தான் அவளிடம் அப்படிச் சொல்லத் தகுதி உள்ள ஆள்.

பொழுது சாய்வதற்குள் குளம் வற்றிவிட்டது. அல்லிக்கொடிகள் சேற்றில் படுத்துக் கிடந்தன. கோடை முழுவதற்கும் இருந்த தண்ணீர் ஒரே நாளில் வயலோடு போய்விட்டது. நாளை எந்தக் குளத்துக்குப் போவது என்று தெரியாமல் எல்லோரும் வலையடியில் கூடி நின்றார்கள். உடும்பு தொண்டையைக் கனைத்துக்கொண்டு முடிவைச் சொன்னார்.

"முதல் பரிசு ஆள்காட்டிக்கு. இரண்டே சொல்லில் ஒரு குளத்தையே சொல்லிவிட்டார்."

யாரும் இதழ் ஒட்டவில்லை. தவளைக்கு அப்போதே தோல் காயத் தொடங்கியிருந்தது. அது கோபத்தோடு ஆள்காட்டியைப் பார்த்துக் கேட்டது.

"கரை உடையப்போகுதுன்னு தெரிஞ்சவ, முதல்லயே விவரமா சொல்லியிருக்கக் கூடாதா?"

ஆள்காட்டி அதை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எருமையின் முதுகில் போய் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் அடுத்த குளத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். மற்றவர்களிடம் வழி சொல்ல அவள் நிற்கவில்லை.

ஒருவர் பதறி ஓடிவந்து சொல்லும்போது முதலில் எங்கே என்று கேட்க வேண்டும். எப்படிச் சொன்னார் என்பதைப் பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.