செவலைக்குக் கட்டிய காப்புக் கயிறு

முன்னொரு காலத்தில் நாயை மடியில் வைத்துக்கொண்டே நாடாண்ட அரசர் ஒருவர் இருந்தார். நாயின் பெயர் செவலை. அது காய்ச்சலில் கிடந்து பிழைத்த அன்று அவருக்கு ஒரு யோசனை உதித்தது. குடிமக்கள் அறுவடைதோறும் ஒரு மரக்கால் நெல் அளந்தால், அவர்கள் வளர்க்கும் பிராணிக்கு மஞ்சள் காப்புக் கயிறு கட்டப்படும். அதற்கு நோவு வந்தால் அரண்மனை வைத்தியர் பார்ப்பார். முதல் மரக்காலை அரசரே அளந்தார்; முதல் கயிறு செவலைக்கு. விதிகளை வகுக்கும் வேலையைக் களஞ்சிய அதிகாரி வில்லவராயரிடம் விட்டுவிட்டு, நாடே தன்னை வாழ்த்துகிறது என்று அரசர் நிம்மதியாக இருந்தார்.

ஒருநாள் செக்காட்டும் பேராச்சி சபைக்கு வந்து ஓவென்று அழுதாள்.

"மகாராசா, நெல் அளந்து கயிறு கட்டின என் மாடு பள்ளத்துல விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டுது. வைத்தியரை அனுப்ப மாட்டேங்கிறாங்க. அது எந்திரிக்கலேன்னா எங்க அடுப்பு எரியாது சாமி!"

"விழுந்தது விபத்து, அரசே. நோய்க்கு மட்டுமே காப்பு" என்றார் வில்லவராயர். "தவிர, அந்த மாடு போன வருடமே நொண்டியது. பழைய நோய்க்கும் காப்பு இல்லை."

அரசர் தலையாட்டினார். விதூஷகன் நல்லகூத்தன் மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டான். அவனைக் கண்டாலே வில்லவராயருக்கு ஆகாது.

"நாளை என் இடத்தில் இவரே அமரட்டும் அரசே. விதியில் மயிரிழை பிசகினாலும் இவரை நாடு கடத்துங்கள்!" என்று சீறினார் அவர்.

நல்ல வேடிக்கை என்று அரசரும் சம்மதித்தார்.

மறுநாள் விருந்தில் செவலை எலும்பை விழுங்கியது. தொண்டையில் சிக்கிக் கண் பிதுங்கியது. அரசருக்குப் பாதி உயிர் போய்விட்டது. வைத்தியர் குறட்டோடு ஓடிவந்தார். குறுக்கே நல்லகூத்தன் கைகட்டி நின்றான்.

"மன்னிக்க வேண்டும் அரசே. எலும்பு சிக்கியது விபத்து."

"அடேய், அது என் செவலை!"

"கயிறு கட்டிய பிராணிக்கெல்லாம் ஒரே விதி. தவிர, செவலைக்குக் கடைவாய்ப்பல் முன்பே சொத்தை. அதனால்தான் மெல்லாமல் விழுங்கியது. பழைய நோய்."

அரசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வில்லவராயர் பக்கம் திரும்பி, "பின்னே எதற்குத்தானய்யா காப்பு?" என்று அலறினார்.

வில்லவராயருக்கு வியர்த்துக் கொட்டியது. "தேடிப் பார்த்தால் எந்த நோயும் பழையதுதான், அரசே. காப்பு கயிற்றுக்கு மட்டும். அறுந்தால் புதுக்கயிறு கட்டிவிடுவோம்."

அரசர் செவலையின் கயிற்றைப் பார்த்தார். ஊரார் நெல்லெல்லாம் ஒரு முழக் கயிற்றுக்கா? பேராச்சிக்கு முன்னால் தலையாட்டியது நினைவுக்கு வந்து அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"விதிகளை ரத்து செய்தேன்!"

"செவலைக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா?"

"எல்லாவற்றுக்கும்! விபத்தோ பழைய நோயோ, வைத்தியர் பார்க்கட்டும். வழியை விடடா!"

நல்லகூத்தன் துள்ளி விலகினான். வைத்தியர் எலும்பைப் பிடுங்கினார். செவலை தும்மிவிட்டு அரசரின் முகத்தை நக்கியது.

அரசர் மூச்சு வாங்கினார். "என் உயிரோடு விளையாடினாயே, உன்னை என்ன செய்வது?"

"வைத்தியரைப் பேராச்சி வீட்டுக்கு அனுப்புங்கள். மாட்டுக்குக் கால் கூடும்வரை செக்கிழுக்கவும் ஓர் ஆள் வேண்டும்."

சபை மொத்தமும் வில்லவராயரைப் பார்த்தது.

சில நாளில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "அரசே, இடுப்பு ஒடிகிறது. வைத்தியரை..."

"ஐயா, இது செக்கிழுத்து வந்த வலியா, முன்பே இருந்ததா?" என்று நல்லகூத்தன் பணிவாகக் கேட்டான்.

அரசர் சிரித்த சிரிப்பில் செவலை குரைக்கத் தொடங்கிவிட்டது. தம் முத்துமாலையைக் கழற்றி விதூஷகன் கழுத்தில் போட்டார். வில்லவராயருக்கும் வைத்தியரை அனுப்பினார், மாட்டைப் பார்த்து முடித்த பிறகு.