கொன்றையூரணி மடத்து முன்னடியார் எழுவர்

கொன்றையூரணி மடத்தின் தலைவரான முதல் சந்நிதானத்தின் மேல் ஒருநாள் புலி பாய்ந்தது. குறுக்கே ஓர் ஆள் விழுந்தான். புலி அவனோடு திருப்தியடைந்து போய்விட்டது. நன்றி மறவாத மடம் அன்றே ஏழு பேர் கொண்ட காவல் படை ஒன்றை அமைத்து, முன்னடியார் என்று பெயரிட்டு, செப்பேட்டில் இப்படி வெட்டிவைத்தது: “சந்நிதானத்தைத் தீண்டுவது எதுவாயினும் முன்னடியார் எழுவரையும் தீண்டிய பின்பே தீண்டுக. ஒருமுறை தவறினும் படை கலைக.”

அதற்குப் பிறகு புலி வரவில்லை. செப்பேட்டிலோ புலி என்ற சொல்லே இல்லை. வினை அங்கேதான்.

சிவப்புச் சட்டை, பித்தளைப் பட்டை கட்டிய தலைப்பாகை, ஆளைவிட உயரமான வேல். பதினோரு தலைமுறையாக இதே கோலம். இப்போதைய தலைவர் ஆபத்துக்காத்தான்.

காலையில் பால் வந்தால் ஏழு பேரும் ஆளுக்கு ஒரு வாய். அண்ணாந்துதான் குடிப்பார்கள், ஆசாரம் தவறமாட்டார்கள். சந்நிதானத்துக்குச் செம்பு வந்துசேரும். பக்தர் கொண்டுவரும் ரோஜா மாலை ஏழு கழுத்தைக் கடந்து நாராக வரும். “நார் நல்லா மணக்குது” என்பார் சந்நிதானம். அவ்வளவு சாது.

ஒரு மார்கழியில் சந்நிதானத்துக்குக் காய்ச்சல். டாக்டர் ஊசியை எடுத்ததும் ஆபத்துக்காத்தான் சட்டைக் கையைச் சுருட்டினார்.

“உமக்குமா காய்ச்சல்?”

“இல்ல. ஊசி முதல்ல எங்களைத் தொடணும்.”

படையில் சிந்திக்கிறவன் என்று பெயரெடுத்த சொரிமுத்துவுக்கு ஒரு சந்தேகம். “அண்ணாச்சி, அப்படிப் பாத்தா காய்ச்சலும் முதல்ல நமக்குத்தான வந்திருக்கணும்?”

எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மெதுவாப் பேசுல!” என்றார் தலைவர். விரல்விட்டு மாதங்களை எண்ணினார். “போன ஆடியில நம்ம ஏழு பேருக்கும் வந்துதுல்லா? அதுதான் இது. சாமிக்கு இப்பத்தான் முறை வந்திருக்கு.”

மெதுவாகப் பேசச் சொன்னதற்குக் காரணம் காரியஸ்தர் குற்றாலநாதர். ஏழு பேரின் வயிற்றுக்கு மடத்துச் சமையல்கட்டு ஈடுகொடுக்க முடியவில்லை என்பது அவர் வருத்தம். ஒரே ஒரு தவறு கிடைத்தால் போதும், படையைக் கலைத்துவிடலாம் என்று செப்பேட்டின் நகலோடு பின்னாலேயே திரிந்தார்.

தெப்பத் திருநாள் வந்தது. சந்நிதானம் குளத்தில் இறங்கித் தெப்பம் ஏறவேண்டும். தண்ணீர் முதலில் முன்னடியாரைத் தொடவேண்டுமே? ஏழு பேரும் படியில் நின்றுவிட்டார்கள்.

“தலைவன் நான். நான்தான் முதல்ல இறங்கணும்.”

“ஆபத்துன்னா இளையவன்தான் முதல்ல, அண்ணாச்சி” என்றான் கடைசி ஆளான பிச்சாண்டி.

“தண்ணி ஆபத்தா, மரியாதையா?” என்று கேட்டான் சொரிமுத்து. வழக்கு அங்கிருந்து நீண்டது.

“நல்ல நேரம் போகுதப்பா” என்று சொல்லிக்கொண்டே சந்நிதானம் அவர்களைச் சுற்றி இறங்கினார். மூன்றாவது படியில் பாசி. தொபுக்கடீர்!

காரியஸ்தர் துள்ளினார். “தொட்டுட்டு! தண்ணி தொட்டுட்டு! ஏழு பேரும் காய்ஞ்ச சட்டையோட நிக்கீங்க! கழத்தும் வே!”

ஆபத்துக்காத்தானுக்குக் கண்ணில் நீர் முட்டியது. “பதினோரு தலைமுறையாப் போட்ட சட்டை. எந்த முகத்தோட வீட்டுக்குப் போவேன்?”

முதல் பொத்தானில் அவர் கைவைத்தபோது சொரிமுத்து தடுத்தான். “பொறுங்க அண்ணாச்சி. சாமி விழுந்தது தப்பில்ல. வரிசைதான் மாறிட்டு. வரிசையைச் சரிபண்ணிட்டா?”

சந்நிதானத்தைத் தூக்கிவந்தார்கள். தலை துவட்டி, காய்ந்த காவி உடுத்தி, புது விபூதி பூசி, மேல்படியில் நிறுத்தினார்கள். பிறகு தலைவர் தொடங்கி பிச்சாண்டி ஈறாக, வேலும் தலைப்பாகையுமாக, ஒவ்வொருவராகக் குளத்தில் குதித்தார்கள். தாமரைக்கொடி சுற்றிய தலைப்பாகை ஒன்று மேலே வந்தது.

“சாமி! எல்லாரையும் தொட்டுட்டு. இப்போ நீங்க விழலாம்!”

சந்நிதானம் பார்த்தார். பல் கிடுகிடுக்க ஏழு தலைகள் அவரையே நம்பி மிதந்தன. விழாவிட்டால் ஏழு குடும்பம் தெருவுக்கு வரும். பெருமூச்சு விட்டு, காவியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு இறங்கி, மூன்றாவது படியில் காலை வைத்தார்.

“நில்லுங்க, சந்நிதானம்!” என்று கத்தினார் காரியஸ்தர்.

ஒருவருக்காவது புத்தி வந்ததே என்று கரையில் இருந்த கூட்டம் மூச்சு விட்டது.

குற்றாலநாதர் விறுவிறுவென்று இறங்கிவந்து, குனிந்து பாசியில் பதிந்திருந்த வழுக்கல் தடத்தை உற்றுப் பார்த்தார். “போன தடவை வழுக்கினது இடது காலு. இப்போ வலது காலை வைக்கீங்களே!”