ஒரே கட்டளை உள்ள மொழி

ஞானம் தேடுபவர்கள் காட்டுக்குப் போவார்கள் என்றொரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இது பெரும்பிழை, உடனே திருத்தப்பட வேண்டும். காட்டில் யாரும் வருகைப் பதிவேடு வைப்பதில்லை. ஞானம் தேடுபவர்கள் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிறார்கள்.

தணிகாசலம் அப்படிப் பதிவு செய்தவர். வயது ஐம்பத்திரண்டு. அவருடைய நெறியாளர் செலினுக்கு முப்பத்துநான்கு.

“மேடம், முடிச்சிட்டேன்,” என்றார் தணிகாசலம்.

அவர் உருவாக்கிக்கொண்டிருந்தது ஒரு நிரல்மொழி, அதாவது கணினிக்குக் கட்டளையிடும் மொழி. ஒரு பொருளைச் சொல்ல அதில் ஒரு வழிதான் இருக்க வேண்டும். எழுதும் எந்த நிரலும் கட்டாயம் முடிவுக்கு வர வேண்டும். எதிலும் பிழை நேரக் கூடாது. இந்த மூன்று விதிகளைக் காட்டி ஆய்வுக்குழு அவருடைய ஆய்வேட்டை ஏழு முறை திருப்பி அனுப்பியிருந்தது. எட்டாவது முறையும் திரும்பினால் பதிவு ரத்து.

“முடிவில்லாமச் சுத்தும்னாங்க, சுழற்சியை எடுத்தேன். பூஜ்யத்தால வகுத்தா பிழைன்னாங்க, வகுத்தலை எடுத்தேன். அப்புறம் எண்களையே எடுத்துட்டேன் மேடம். நிம்மதியா இருக்கு.”

“இப்ப என்ன சார் மிச்சம்?”

“ஒரே கட்டளை. ‘நில்’.”

“நிரூபணம்?”

“நாற்பது பக்கம்.”

செலின் நாற்பதையும் படித்தார். ஓட்டையே இல்லை.

“நல்லது சார். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இந்த மொழியில மட்டும் பேசுங்க. நாளைக்குக் கையெழுத்துப் போடுறேன்.”

தணிகாசலம் வாசலுக்கு வந்தார். ஆட்டோ ஒன்று வந்தது.

“நில்!”

நின்றது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

“கொஞ்சம் மரியாதையாக் கூப்பிடலாம்ல சார்?” என்றார் ஓட்டுநர்.

‘நில்லுங்கள்’ என்பதும் முன்பு மொழியில் இருந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு வழி என்று குழு ஆட்சேபித்ததால் நீக்கிவிட்டார். ஏறி உட்கார்ந்தார்.

“எங்க போகணும்?”

“நில்.”

“நின்னுக்கிட்டுத்தான சார் இருக்கேன்.”

“நில்.”

“கிளம்பவா, வேணாமா?”

தணிகாசலம் தன் மொழி முழுவதையும் தேடிப் பார்த்தார். அதிக நேரம் ஆகவில்லை.

“நில்.”

ஓட்டுநர் இறங்கி வந்து அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். “வீட்டு போன் நம்பர் சொல்லுங்க சார். யாரையாச்சும் வரச் சொல்றேன்.”

தணிகாசலம் இறங்கி ஏழு கிலோமீட்டர் நடந்தார்.

மறுநாள் வீங்கிய காலோடு செலின் முன்னால் வந்து நின்றார்.

“ ‘போ’ சேர்த்துட்டேன் மேடம். போனா எவ்வளவு தூரம்னு கேப்பாங்களே, அதனால எண் வந்துடுச்சு. பின்னாலயே வகுத்தலும் வந்துடுச்சு.”

“நிக்காமப் போய்க்கிட்டே இருந்தா?”

“போய்க்கிட்டேதான் இருக்கும்.”

“பதிவு ரத்தாகும் சார்.”

“தெரியும் மேடம்.”

செலின் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

பதினைந்தாம் நாள் கோப்பு திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில், ‘இரண்டாம், மூன்றாம் விதிகள் மீறல். பதிவு ரத்து.’

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், குழுவில் யாரோ பென்சிலால் அந்த மொழியில் ஏழு வரி நிரல் எழுதிப் பார்த்திருந்தார்கள். நான்காம் வரியில் ஒரு பிழை இருந்தது.