சங்குப்பூ நீலம்

பெர்னதெத் டீச்சரிடம் கேள்வி கேட்டால் சட்டென்று பதில் வராது. கையில் ஒரு பாத்திரம் வரும். அதைக் கழுவியோ கலக்கியோ முடிப்பதற்குள் கேட்டவருக்கே தன் கேள்வி வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். பொன்மலைப்பட்டியில் அவர் வீட்டுச் சமையலறைக்குச் சனிக்கிழமை மதியங்களில் கேக் பழக வரும் பெண்கள் இதற்குப் பழகிவிட்டார்கள்.

தணிகாசலம் பழகவில்லை. அவர் புதிதாகச் சேர்ந்தவர். ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். நாற்பத்துநாலு வயது, டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த வகுப்பில் இருந்த ஒரே ஆண்.

முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"நீலக் கலர்ல ஒரு கேக் செய்யணும் டீச்சர். அஞ்சு வாரம் இருக்கு."

"செய்யலாம் அண்ணே."

"ஆனா பாட்டில்ல வர்ற கலரைத் தொடமாட்டேன். எல்லாம் இயற்கையா இருக்கணும்."

டீச்சர் அவர் கையில் முட்டை அடிக்கிற கம்பியைக் கொடுத்தார்.

கேக் இளவேனிலுக்கு. அடுத்த மாதம் அவளுக்குப் பத்து வயது முடிகிறது. அவர் மனைவி மேகலாவின் மகள்; அதையும் டீச்சரிடம் அன்றைக்கே சொல்லியிருந்தார். மேகலாவின் முதல் கணவர் சாலை விபத்தில் இறந்தபோது குழந்தைக்கு நாலு வயது. தணிகாசலம் மேகலாவைக் கல்யாணம் செய்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் வேனில் அவரை எந்த உறவுமுறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நேராக எதிரில் வந்து நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து சொல்வாள். நீலக் கேக் வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னாள். பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த இவர் காதில் விழுந்தது.

நீலத்துக்குச் சங்குப்பூ என்று யாரோ சொன்னார்கள். தணிகாசலம் காலை ஷிஃப்டுக்குப் போகிற வழியில் காலனி வேலிகளில் பூப் பறித்தார். மதியச் சாப்பாட்டு டப்பாவின் மேல்தட்டில் அடுக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பூஜைக்கா என்று கேட்டவர்களுக்கு ஆமாம் என்றார்.

முதல் கேக்கில் பூவைக் கொதிக்க வைத்து அந்தச் சாற்றை மாவில் ஊற்றினார். கலக்கும்போது நீலமாகத்தான் இருந்தது. அடுப்பிலிருந்து எடுத்தபோது பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி மாதிரி இருந்தது.

டீச்சர் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். "ருசி நல்லாருக்கு."

"நிறம்?"

"முட்டை மஞ்சக்கருவும் வெண்ணெயும் மஞ்சள் இல்லையா அண்ணே? மஞ்சளோட நீலம் சேந்தா பச்சைதான். சோடா மாவு வேற இருக்கு. அதுவும் சங்குப்பூவைப் பச்சையாக்கிடும்."

அடுத்த வாரம் மஞ்சள் கருவை ஒதுக்கிவிட்டு வெள்ளைக் கருவில் மட்டும் செய்தார். சாம்பல் நிறத்தில் வந்தது. மூன்றாவது வாரம், சோடாவின் வேகத்தை அடக்கலாம் என்று தானாகவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டார். மாவு கண்ணெதிரே ஊதாவாக மாறியது. வகுப்பில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஷகிலா என்ற பெண் தன் மேடையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ரெண்டு சொட்டு விடுங்கண்ணே. இதுக்குப் போய் இவ்வளவு பாடா?"

தணிகாசலம் பாட்டிலைத் திரும்பத் தள்ளி வைத்தார். அது கைபட்டுச் சாயப் போனது. பதறிப்போய்ப் பிடித்து நிமிர்த்தினார். அந்தப் பதற்றத்தை டீச்சர் பார்த்தார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அவர் மட்டும் நின்றார்.

"டீச்சர், செயற்கைக் கலர் கெடுதலா?"

டீச்சர் அந்தப் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "படிங்க."

பொடி எழுத்தாக இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்டது, இத்தனை கிலோவுக்கு இத்தனை அளவு என்று போட்டிருந்தது.

"அளவோட போட்டா ஒண்ணும் பண்ணாது. அளவை மீறினா வேண்டாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"உங்க பொண்ணுக்கு நீங்க போடுவீங்களா?"

டீச்சர் கிண்ணத்தில் மிச்சமிருந்த க்ரீமில் பல்குச்சியின் நுனியால் தொட்டு ஒரு பொட்டு நீலம் வைத்துக் கலக்கினார். "ஆக்னஸ்!" என்று கூப்பிட்டார். முன்னறையில் படம் வரைந்துகொண்டிருந்த ஐந்து வயது மகள் ஓடிவந்து, கிண்ணத்தை வாங்கி, விரலால் வழித்துத் தின்றுவிட்டு, நீல நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு ஓடினாள். டீச்சர் கிண்ணத்தைக் கழுவப் போட்டார்.

தணிகாசலம் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. டீச்சரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

"உங்களுக்குப் பயமா இல்லையா டீச்சர்?"

"நான் என்ன குடுத்தாலும் என்னை யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்கண்ணே."

தணிகாசலம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சித்திரையில ஒருநாள் பள்ளிக்கூடத்து வாசல்ல பாப்பாவுக்கு ஆரஞ்சுக் கலர்ல குச்சி ஐஸ் வாங்கிக் குடுத்தேன். மறுநாள் காய்ச்சல். அவங்கப்பாவோட தங்கச்சி, அவளுக்கு அத்தை, போன் பண்ணாங்க. ஸ்பீக்கர்ல போட்டிருந்தா மேகலா. 'பெத்தவனா இருந்தா கண்ட கலர்த் தண்ணியை வாங்கிக் குடுப்பானா?'ன்னு கேட்டாங்க. நானும் இருந்தேன். பாப்பாவும் இருந்தா."

"பாப்பா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. போர்வையை இழுத்து மூடிக்கிட்டா."

"நீங்க?"

"நான் என்ன சொல்றது?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் அதை இறுக்கி மூடினார்.

"இந்தப் பூவெல்லாம் வேனிலுக்காகவா அண்ணே, அத்தைக்காகவா?"

தணிகாசலம் வீட்டுக்குப் போகும்வரை அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. நாலாவது சனிக்கிழமை அவர் வகுப்புக்குப் போனார், ஆனால் எதுவும் செய்யவில்லை. மற்றவர்களுக்கு மாவு சலித்துக் கொடுத்தார், தட்டுகளைக் கழுவினார். கிளம்பும்போது டீச்சர் சொன்னார்:

"அடுத்த வாரம் வேனிலைக் கூட்டிட்டு வாங்க."

"அவளுக்கு இது தெரியாது டீச்சர். தெரியாம செஞ்சு முன்னால வைக்கலாம்னு பார்த்தேன்."

"நாலு வாரமா தெரியாமதான் செய்றீங்க. தெரிஞ்சு ஒருதடவை செஞ்சு பாருங்களேன்."

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தையும் வருவதாகச் சொல்லியிருந்தார். முந்தின நாள், வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, தணிகாசலம் வேனிலை சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். அவள் அவர் சட்டையைப் பிடிக்கவில்லை. கேரியரின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மேடையில் கலரே சேர்க்காமல் சுட்ட கேக் ஒன்று ஆறியிருந்தது. பக்கத்தில் ஒரு பாத்திரம் நிறைய வெள்ளைக் க்ரீம். சங்குப்பூவை ஊறவைத்து வடிகட்டிய பால் ஒரு டம்ளரில். அந்தச் சின்ன பாட்டிலும் இருந்தது.

"சூட்டுலதான் பூவோட கலர் போயிடுது. க்ரீமை அடுப்புல வைக்கப்போறதில்ல. இதுல நிக்கும்" என்றார் டீச்சர். "மாடியில துணி காயுது. எடுத்துட்டு வந்துடறேன்."

போய்விட்டார்.

வேனில் டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இது என்ன?"

"சங்குப்பூ. உன் கேக்குக்கு."

"டிபன் பாக்ஸ்ல பூ வச்சிருந்தீங்களே, அது இதுக்கா?"

அவள் அதைப் பார்த்திருப்பாள் என்று அவர் நினைக்கவே இல்லை. "ஆமாம்மா."

பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக க்ரீமில் விட்டு அவளையே கலக்கச் சொன்னார். க்ரீம் மெல்ல மெல்ல நீலமானது. விடிகிற நேரத்து வானம் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நீலம். அவள் கரண்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

"நல்லாருக்கு. ஆனா எனக்கு நல்ல நீலம் வேணும்." பிறகு பாட்டிலைக் காட்டினாள். "அதை ஏன் போடல?"

"உனக்கு ஒத்துக்காம போயிடுமோன்னுதான். அன்னைக்கு ஐஸ் சாப்பிட்டு..."

"ஐஸுனால வரல. எங்க கிளாஸ்ல பதினோரு பேருக்குக் காய்ச்சல். மிஸ்ஸுக்கே வந்துச்சு."

தணிகாசலம் அவளையே பார்த்தார். "அத்தைகிட்ட அன்னைக்குச் சொல்லலையேம்மா?"

"நீங்களும்தான் ஒண்ணும் சொல்லல. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

மாடியில் டீச்சர் நடக்கிற சத்தம் கேட்டது. தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தார். மெதுவாக க்ரீமின் நடுவில் சாய்த்தார். ஒரு சொட்டு விழுந்தது. வேனில் கலக்கினாள். கரண்டி போன வழியெல்லாம் நீலம் இழுத்துக்கொண்டு போனது. பூவின் வெளிறிய நீலமும் பாட்டிலின் நீலமும் சுற்றிச்சுற்றி, எது எது என்று பிரிக்க முடியாமல் ஆனது.

"நாளைக்கு அத்தை கேட்டா, நான்தான் போட்டேன்னு சொல்லிடறேன்" என்றாள் வேனில்.

"வேண்டாம். நான் போட்டேன். நானே சொல்றேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பாட்டிலை எடுத்து அவளே ஒரு சொட்டு விட்டாள். க்ரீம் நன்றாகக் கறுத்த நீலமானது. விரலில் தொட்டு நக்கினாள். அவருக்கும் கரண்டியை நீட்டினாள். அவரும் நக்கினார். அவள் அவர் நாக்கைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடியும் பாட்டிலைச் சாய்த்தாள்.

"போதும்" என்றார் தணிகாசலம்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"வேண்டாம். அளவு இவ்வளவுதான்." பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கி மூடி, மேல்தட்டில் எட்டாத இடத்தில் வைத்தார்.

"ஒரே ஒரு சொட்டுதானே கேட்டேன்! எப்பப் பாத்தாலும் நீங்க இப்படித்தான்!"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. காலைத் தரையில் உதைத்தாள். கரண்டியை க்ரீமிலேயே போட்டுவிட்டு முன்னறைக்குப் போய், ஆக்னஸின் பக்கத்தில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தணிகாசலம் அப்படியே நின்றார். இத்தனை மாதத்தில் அவர் அவளிடம் எதையும் மறுத்ததில்லை. அவளும் அவர் முன்னால் குரல் உயர்த்தியதில்லை. 'எப்பப் பாத்தாலும்' என்கிறாளே, இன்றைக்குத்தானே முதல்தடவை என்று தோன்றியது. பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாமா என்றும் தோன்றியது. கை மேல்தட்டு வரைக்கும் போனது. எடுக்கவில்லை.

டீச்சர் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"பாப்பா எங்கண்ணே?"

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா டீச்சர். கலர் போதும்னு சொன்னேன். காலை உதைச்சுட்டுப் போயிட்டா. நான் தப்புப் பண்ணிட்டேனா?"

டீச்சர் துணிகளை நாற்காலியில் போட்டுவிட்டு முன்னறையை எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு சின்ன முதுகு, யாராவது வந்து கூப்பிட வேண்டும் என்று விறைப்பாகக் காத்திருந்தது. டீச்சர் திரும்பி வந்து தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்தார். க்ரீமைப் பார்க்கவே இல்லை.

"கலர் பிடிச்சிருச்சுண்ணே" என்றார்.