காக்கா விரட்டுற டிஸ்க்

சரி, இப்படித் திரும்பிப் படு. கண்ணை மூடு. "ம்" கொட்டணும், இல்லேன்னா அத்தை நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி. அந்த வீட்டுக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்துச்சாம்.

"ம்... அண்ணன் பேரு என்ன, அத்தை?"

பேரெல்லாம் எதுக்கு? அண்ணன்னா அண்ணன்தான்.

அப்புறம் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வெச்சாங்க, குங்குமம் வெச்சாங்க. புது வண்டின்னா சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைப்பாங்க, இதுக்கு ஏது சக்கரம்? அதனால அண்ணன் மேசைக் காலுக்கு அடியில அதை வெச்சு நசுக்கினான், பச்சக்குன்னு. அப்போ காலிப் பெட்டியைக் கவுத்தா, சரக்குன்னு ஒரு டிஸ்க்கும் ஒரு காகிதமும் விழுந்துச்சு. மதர்போர்டோட வந்தது. மதர்போர்டுன்னா உள்ள இருக்கற பெரிய பலகை. கேமரா, மவுஸ் எல்லாத்தையும் அதுலதான் சொருகணும். அதுங்களோட அது ஒழுங்காப் பேசணும்னா சிப்செட் டிரைவர்னு ஒரு புரோகிராமைப் போடணும். காகிதத்துல முதல் வரியே அதுதான். தங்கச்சி படிச்சுப் பாத்துட்டு, "அண்ணே, இதைப் போடணுமாம்"னா.

அண்ணன் சிரிச்சான். "அதெல்லாம் அந்தக் காலம். இது தானாவே எல்லாத்தையும் போட்டுக்கும். டிஸ்க் போட இதுல வழியே இல்ல, பாரு."

அப்புறம் அந்த டிஸ்க்கை மாடிக்கு எடுத்துட்டுப் போய், வடாம் காயற இடத்துல கயித்துல கட்டித் தொங்கவிட்டான். பளபளன்னு ஆடுமில்ல, காக்கா கிட்ட வராது.

"ம்."

அந்தத் தங்கச்சிக்கு ஒரு பரிட்சை இருந்துச்சு. ஒரு காலேஜ் லைப்ரரி வேலைக்கு. வீட்டுலயே கேமரா முன்னாடி உக்காந்து எழுதணும். கேமரா ரெண்டு தடவை நின்னா பரிட்சை ரத்து. அவளுக்கு அதுதான் கடைசி வருஷம், அதுக்கு மேல போனா வயசு தாண்டிடும்.

அப்புறம் ஒருநாள், டொடொங்! மவுஸ் நின்னுபோச்சு.

"அண்ணே, அந்த டிரைவர்..."

"வயரைப் பிடுங்கிச் சொருகு."

சொருகினா, ஓடுச்சு. அப்புறம் இன்னொருநாள், தூங்கப் போட்ட கம்ப்யூட்டர் எழுந்துக்கவே இல்ல. ஃபேன் மட்டும் உய்ய்ய்ங்னு சுத்துது, திரை ஒரே கருப்பு.

"போர்டு செஞ்ச கம்பெனி சைட்டுலேர்ந்து நானே இறக்கிப் போட்டுக்கறேண்ணே"ன்னா.

"வாங்கினது நானு. ஓடறதுல கையை வெச்சுக் கெடுத்துடாதே!"

அவ கையை எடுத்துட்டா. அண்ணனை விட அவ மேலதான் எனக்கு ஆத்திரம். பத்து நிமிஷ வேலைக்கு எதுக்குடி அவன்கிட்ட கேட்டு நின்னே?

"ம்... அப்புறம்?"

அப்புறம் மூணாவது தடவை, பரிட்சை அன்னிக்கு. நூறு கேள்வியில அறுபத்திரெண்டு முடிச்சுட்டா. அத்தனையும் அவளுக்குத் தெரிஞ்ச கேள்வி. அப்போ டொடொங்! கேமரா போச்சு. பிடுங்கினா, சொருகினா. டிங், வந்துடுச்சு. அப்பாடான்னு மூச்சு விடறதுக்குள்ள மறுபடியும் டொடொங்! திரையில ஒரே வரி வந்துச்சு: 'உங்கள் தேர்வு ரத்து செய்யப்பட்டது.'

அண்ணன் வந்து எட்டிப் பாத்தான். என்ன சொன்னான் தெரியுமா? "உனக்கு ராசி இல்ல, விடு"ன்னான். சொல்லிட்டுச் சாப்பிடப் போயிட்டான்.

அன்னிக்குச் சாயங்காலம் அவ யாரையும் கேக்கல. தானே இறக்கினா, தானே போட்டா. பத்து நிமிஷம்கூட ஆகல. அதுக்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டர் இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவைகூட மக்கர் பண்ணதில்ல. சின்னப் பிள்ளைங்க கேம் ஆட ரொம்ப நல்லா இருக்கு.

"அத்தை."

என்னடா?

"நம்ம மாடியிலயும் கயித்துல ஒரு டிஸ்க் தொங்குதே. அதுவா?"

ம்.

"அப்போ அந்த அண்ணன்... அப்பாவா?"

ம்.

"நான் அப்பாகிட்ட கேக்கட்டுமா?"

வேணாம். உங்கப்பாவுக்கு ஞாபகம் இருக்காது. கதை முடிஞ்சாச்சு, கண்ணை மூடு, தூங்கு.