தாளாளரின் ஐந்து நட்சத்திரம்

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மெஸ் சாப்பாட்டுக்குச் செயலியில் நட்சத்திரம் போடுவார்கள். சராசரி இரண்டுக்குக் கீழே போனால் காண்டிராக்டரை மாற்ற வேண்டும் என்பது விதி. காண்டிராக்டரோ தாளாளர் செண்பகராமனின் மச்சினர். பிள்ளைகள் பாதி நாள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

சராசரி இரண்டை நெருங்கியதும், செயலியைப் பார்த்துக்கொள்ளும் லேப் உதவியாளர் இசக்கியம்மாளைத் தாளாளர் கூப்பிட்டார்.

"ஏம்மா, நேத்து வந்த பிள்ளை ஓட்டும் என் ஓட்டும் ஒண்ணா? அனுபவத்துக்குத் தகுந்த மாதிரி ஓட்டுக்கு எடை போடு."

"நியாயம்தான் சார். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுதேன்."

பச்சை மையில் எழுதிக் கொடுத்தார். செயலியில் ஐந்து நட்சத்திரமும் போட்டார். திங்கட்கிழமை சராசரி ஒன்றே கால் என்று வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸுக்கே வந்துவிட்டார்.

"என் அனுபவம் எங்கம்மா போச்சு?"

"அனுபவம்னா வாசல்ல இருக்கிற கைரேகை மெஷின் சொல்றதுதான் சார். இங்கே ஒரு வேளை சாப்பிட்டா ஓட்டுக்கு ஒரு எடை. முதல் வருஷப் பிள்ளைக்கே இருநூறு சேர்ந்திருக்கு. உங்களுக்கு வீட்டுக் கேரியர்தானே வருது."

"அப்போ எனக்குப் பூஜ்யமா?"

"இந்த நிமிஷம் வரைக்கும்தான் சார். விரலை வைங்க, பதிஞ்சுடுதேன். தட்டு தயாரா இருக்கு."

முந்நூறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் விரலை வைத்துவிட்டு உட்கார்ந்தார். முதல் கவளத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், இரண்டாவதற்கு இரண்டு டம்ளர். மூன்றாவது கவளத்தை எடுக்கவில்லை.

கையைக் கழுவி வந்து, கைபேசியில் தன் பழைய ஓட்டைத் திறந்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் தேடுதீங்க?"

"ஒரு நட்சத்திரத்துக்குக் கீழே ஒண்ணும் இல்லையாம்மா?"